கோதண்டம் நட்ட வேலிகாத்தான்

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் எங்கள் தெருவில் வீம்புக்குப் பெயர் போனவர் கோதண்டம். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனை வாங்கிய புதிதில் பக்கத்து மனைக்கார இருதயராஜோடு ஓரடி நிலத்துக்குத் தகராறு. எல்லைக் கல்லை யாரும் பிடுங்கிப் போடலாம், முள்ளில் கைவைக்க முடியாது என்று காலி மனைக்காரர்கள் அப்போது வேலிகாத்தானை, அதாவது சீமைக் கருவேல முள்ளை, நட்டு வைப்பார்கள். இவரும் அந்த ஓரடியில் நட்டார். சர்வேயர் அளந்ததில் அந்த ஓரடி இருதயராஜுக்கே போனது. முள்ளை வெட்டிவிட்டு நடுவில் சுவர் எழுப்பினார்கள். அன்றோடு பேச்சும் நின்றது. ஒரே தெருவில் இருந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்க்க எங்களுக்கே எரிச்சலாக வரும்.

போன வருடம் கோதண்டத்தின் மனைவி முத்தம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது. அவளைத் தூக்கி உட்காரவைக்க அவர் ஒருவரால் ஆகவில்லை. வீட்டை விற்றுவிட்டுத் திருச்சியில் மகளோடு போய் இருப்பதாக முடிவானது. வாங்க வந்த சரவணக்குமாருக்கு எல்லாம் பிடித்துவிட்டது. கடைசியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் முளைத்திருந்த முள்ளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"சின்னக் குழந்தை இருக்கு சார். தொட்டியையும் பொளந்துடும். வேரோட எடுத்துட்டுச் சொல்லுங்க, அட்வான்ஸ் தரேன்."

கோதண்டம் வெட்டினார். ஒரு மழைக்குத் துளிர்த்தது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார், அதற்கும் அசரவில்லை. நட்டவருடைய வீம்பு அதற்கும் இருக்காதா? தோண்டினால் வேர் சுவருக்கு அடியில் நுழைந்து போனது. அடிக்கட்டை இருதயராஜ் தோட்டத்தில் இருந்தது.

போய்க் கேட்கவேண்டும். காலையிலிருந்து செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாகவே இருந்தார். சாயங்காலம் முத்தம்மாள் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தாள். எவ்வளவு முயன்றும் தூக்க முடியவில்லை. வெறுங்காலோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

"இருதயம், சீக்கிரம் வாப்பா. முத்து கீய வியுந்துட்டா."

சாப்பிட்டுக்கொண்டிருந்த இருதயராஜ் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தார். இருவரும் சேர்ந்து அவளைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்த கோதண்டம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு முள் விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்குத்தான் காலையிலர்ந்து வாசல்ல நின்னுகினு இருந்தியா? காலைல கடப்பாரையோட வா அண்ணாத்தே" என்றார் இருதயராஜ்.

மறுநாள் ஆளுக்கு ஒரு பக்கம் தோண்டி, சுவரின் அடியில் நாலு கல்லைப் பெயர்த்து, வேரை முழுசாக இழுத்துப் போட்டார்கள். சரவணக்குமார் வந்து பார்த்து அட்வான்ஸ் கொடுத்தார். பத்திரப்பதிவும் முடிந்தது.

கிளம்பும் அன்று முத்தம்மாளைக் காரில் தூக்கி உட்காரவைத்ததும் அவர்கள் இருவர்தான். கதவைச் சாத்திவிட்டு இருதயராஜ் கேட்டார்.

"தூக்க ஆளில்லன்னுதான் ஊட்ட வித்தியா? சொவத்துக்கு இந்தாண்டதான கீறேன். ஒரு கொரலு குட்த்திருந்தா வந்திருக்க மாட்டேனா?"

எத்தனை வருடமாகப் பார்க்கிறோம், கோதண்டம் அழுது நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.