இல்லாத சித்தப்பாவின் பிரவுசிங் சென்டர்

போன மாதம் எங்கள் தொழில்காரர்கள் இணையத்தில் கூடிப் பேசினார்கள். கம்பெனிகளின் கணினிகளில் எங்கே ஓட்டை இருக்கிறது, எந்த வழியாகத் திருடன் நுழைவான் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வதுதான் எங்கள் தொழில். நான் அதைப் போடியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்கிறேன். நரைத்த தலைக்காரர் ஒருவர் பழைய மோடம் போடும் கீச்சுச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார். இன்னொருவர், அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் ஒரு பெண்ணின் பாஸ்வேர்டைத் தூக்கிய கதையைச் சொன்னார். "சும்மா ஒரு ஆர்வம்தான். வயசு அப்படி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேமராவை அணைத்துவிட்டு எழுந்து போய் முகத்தைக் கழுவினேன்.

அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் பக்கத்து ஊர், சிலமலைக்காரி. பன்னிரண்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், கணக்கிலும் கம்ப்யூட்டரிலும் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் வீட்டில் விவசாயம். என் அப்பா மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டினார், அம்மா ஏலக்காய் கோடவுனில் காய் பொறுக்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் நானும் அவளும் காசைச் சேர்த்துப் போட்டு பிரவுசிங் சென்டருக்குப் போவோம். ஒரு கேபினில் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி. முதல் அரை மணி என்னுடையது. நல்லதாக ஒரு வெப்சைட்டைத் திறந்து அதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று உள்ளே பிரித்துப் பார்ப்பேன். அடுத்த அரை மணியில் அவள் கோயம்புத்தூரில் இருந்த ஒரு பையனுக்கு மெயில் எழுதுவாள். அதில் பாதி 'சி' மொழி புரோகிராம், மீதிதான் காதல்.

சென்டர் நடத்தியவரை ஊரே அண்ணே என்றுதான் கூப்பிட்டது. எங்கள் தெருப்பக்கம் முதலில் கம்ப்யூட்டர் கொண்டுவந்தவர் அவர். பரீட்சை ரிசல்ட்டா, வேலைக்கு மனுவா, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். மெயில் ஐடி வேண்டும் என்றால் அவரே உண்டாக்கி, பாஸ்வேர்டையும் அவரே போட்டுக் கொடுப்பார். பெரும்பாலும் பெயரும் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்றும்தான். அவரைச் சுற்றி ஒரு கூட்டம் உண்டு. தங்களை ஹேக்கர் என்று சொல்லிக்கொள்ளும் கூட்டம். மானிட்டரைப் பார்த்துச் சிரிப்பார்கள், நாங்கள் உள்ளே போனால் சட்டென்று அமைதியாவார்கள். ஏதோ பெரிய வித்தை கற்கிறார்கள் என்று நானும் வாயைப் பிளந்து பார்த்தேன்.

ஒரு நாள் அவர் என் தோழியின் தாய்மாமனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவளுடைய மெயில்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். "பிள்ள மெயில மூடாமப் போயிருச்சு மாமா. என் கண்ணுல பட்டுருச்சு. பெரியவங்ககிட்டச் சொல்றது என் கடமையில்ல?" என்றாராம்.

அதோடு அவளுடைய பள்ளிக்கூடம் நின்றது. கோயம்புத்தூரில் என்ஜினியரிங் என்ற பேச்சும் நின்றது. நான் பஸ்சு ஏறி சிலமலைக்குப் போனேன். அவள் முகம் வீங்கியிருந்தது. அடி வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் சைன் அவுட் பண்ணிட்டுத்தான் வந்தேன்டி. நீயும் பக்கத்துலதான இருந்த?" என்றாள்.

ஆமாம், இருந்தேன். அவள் ஒருமுறைக்கு இருமுறை பார்த்து மூடியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அவளுடைய மெயில் ஐடியும் சென்டர்காரர் போட்டதல்ல, நாங்களே உண்டாக்கியது. பாஸ்வேர்டு எனக்கே தெரியாது. அப்படியென்றால் அவள் விரல் தட்டுவதை யாரோ பார்க்கிறார்கள்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வலை விரித்தேன். அதே சென்டரில், அதே கேபினில், புதிதாக ஒரு மெயில் ஐடி உண்டாக்கினேன். யாராலும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டு. அதிலிருந்து எனக்கு நானே ஒரு மெயில் எழுதினேன். எங்கள் சித்தப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரவுசிங் சென்டர் திறக்கப்போகிறார், இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, ஏசி உண்டு, இங்கே வாங்குவதில் பாதிதான் கட்டணம். அவ்வளவுதான். சைன் அவுட் செய்தேன், கம்ப்யூட்டரையும் அணைத்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் சென்டர் கதவில் புதிதாக ஒரு அட்டை தொங்கியது. கட்டணம் பாதி. 'விரைவில் ஏசி' என்று கீழே சிவப்பு மையில் வேறு.

என் அப்பாவுக்குத் தம்பியே கிடையாது.

தெருவில் நின்று சிரித்தேன், பிறகு அழுதேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்து, "என்ன பாப்பா, சித்தப்பா எல்லாம் நல்லாயிருக்காரா?" என்று நைசாகக் கேட்டதுதான் உச்சம். கீபோர்டில் தட்டுவதை ஒன்றுவிடாமல் பதிந்து அவர் மேசைக்கு அனுப்பும் புரோகிராம் ஒன்று எல்லா கம்ப்யூட்டரிலும் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அவர்கள் கற்ற பெரிய வித்தை. ஒட்டுக்கேட்பதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் உண்டு, அதை எழுதினால் அச்சில் வராது.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, இனி நியாயம் கிடைக்கும் என்று நம்பினேன். தாய்மாமனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அவன் திருடித்தான் எடுத்தான்னே வச்சுக்க. எடுத்தது நெசந்தான?" என்றார். அதற்கு மேல் அவருக்குக் கேட்க ஒன்றுமில்லை. மாப்பிள்ளை பார்த்தாயிற்று, கம்பத்தில் கடை வைத்திருக்கிறவர், வெரசா முடிக்கணும் என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் அதிர்ந்துதான் போனார். ஆனால் அடுத்த வாக்கியம், "இனிமே அந்தப் பக்கம் போகாத ஆத்தா. பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன சோலி?"

"தேவாரம் ஊருல யானை வந்து சோளத்த மேஞ்சிட்டுப் போனா, சோளத்தையா திட்டுவீங்க?" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

சென்டரில் கூட்டம் அலைமோதியது. பாதிக் கட்டணம் அல்லவா. என் வகுப்புப் பையன்கள் "ஒன் புண்ணியத்துலதான்" என்று எனக்கே நன்றி சொன்னார்கள். ஊர் முழுக்க நின்ற கதை ஒன்றுதான்: அந்தப் பிள்ளை மெயிலை மூடாமல் போய்விட்டது. மூடத் தெரியாத முட்டாள், கூடவே ஓடுகாலி. கல்யாணத்துக்குச் சென்டர்காரர் சுவர்க் கடிகாரம் பரிசளித்தார்.

நான் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தேன், வேலைக்குப் போனேன், பல ஊர் சுற்றி இங்கேயே திரும்பி வந்தேன். அவள் கம்பத்தில் இருக்கிறாள். இன்றுவரை போனில் ஒரு வரிகூட எழுதி அனுப்ப மாட்டாள். பேசுவதென்றால் கூப்பிடுவாள், அதுவும் வாசலுக்கு வந்து.

போன வாரம் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இணையப் பாதுகாப்பு பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். போனால், மேடையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் அதே சென்டர்காரர். தலையில் முடி போயிருக்கிறது, வேறெதுவும் குறையவில்லை. இப்போது ஆன்லைன் சேவை மையம் நடத்துகிறார். பிள்ளைகளின் உதவித்தொகை மனு, கல்லூரி மனு எல்லாம் அவரிடம்தான். அன்றைய மைக் செட்டும், பிள்ளைகளுக்குத் தின்ன மிக்சரும் அவர் உபயம்.

அவர்தான் முதலில் பேசினார். "பொம்பளப் பிள்ளைக நாமதாம்மா சூதானமா இருக்கணும். போட்டோ போடக் கூடாது, தெரியாத ஆளோட பேசக் கூடாது" என்று அடுக்கினார். கடைசியாக என்னைக் காட்டி, "இந்த மேடம் நம்ம சென்டர்ல வளர்ந்த பிள்ளதான்" என்றார். கைதட்டல்.

எழுதி வைத்திருந்த பேச்சை அப்படியே மடித்துக் கைப்பையில் போட்டேன். மைக்கைப் பிடித்து, "உங்கள்ல எத்தனை பேருக்கு இந்த அண்ணன் மையத்துல மெயில் ஐடி போட்டுக் குடுத்தாங்க?" என்று கேட்டேன். அரங்கம் முழுக்கக் கை தூக்கியது. சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். அவரும் பெருமையாகத் தலையாட்டினார்.

"அதோட பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்?"

எல்லாக் கையும் இறங்கிவிட்டது.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணை மேலே கூப்பிட்டேன். திரையோடு இணைத்திருந்த என் லேப்டாப்பில் அவள் தன் ஐடியைத் தட்டினாள். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தச் சொன்னேன். பதிவு செய்த எண்ணுக்கு ரகசியக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்று திரையில் வந்தது. டிங் என்றது என் பக்கத்து நாற்காலிக்காரரின் சட்டைப் பை.

அடுத்த பெண் வந்தாள். மறுபடியும் டிங். மூன்றாவது பெண் தட்டும்போது சிரிப்பு நின்றிருந்தது. அவர் பையைக் கையால் பொத்திக்கொண்டார். அப்போதும் சத்தம் மைக்கில் விழுந்து அரங்கம் முழுக்கக் கேட்டது.

"எல்லாம் ஒரு வசதிக்குத்தான் மேடம், பிள்ளைக மறந்துருவாங்கன்னு..." என்று இழுத்தார்.

"அண்ணே, போனக் கொண்டாங்க" என்று கையை நீட்டினேன். அவர் தலைமையாசிரியையைப் பார்த்தார். அந்த அம்மாள், "குடுங்க சார்" என்றார்கள், என்னைவிடக் கோபமாக. ஒவ்வொரு பெண்ணாக வரிசையில் வந்து குறியீட்டைப் பார்த்துத் தன் பாஸ்வேர்டைத் தானே மாற்றி, வீட்டு எண்ணைப் போட்டுக்கொண்டு போகும் வரை அந்தப் போன் என் கையில்தான் இருந்தது.

பள்ளிக்கூட வாசலிலேயே நின்று கம்பத்துக்குப் போன் போட்டேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள், திட்டுவாள், மாமனைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு நான் சைன் அவுட் பண்ணிட்டுத்தான்டி வந்தேன்" என்றாள். "இப்பவாச்சும் நம்புவாங்களா?"