வளர மறுத்த வெடிப்பலாக் கன்றுகள்

கருப்பாத்தாளை வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான்தான். பிறர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வால்பாறையில் ஒரு தனியார் அறக்கட்டளையின் நாற்றங்காலுக்கு நான் மேற்பார்வையாளன். பீளமேட்டில் தாவரவியல் படித்துவிட்டு வந்தவன். மழைக்காட்டு மரக்கன்றுகளை வளர்த்து, தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் காட்டில் நடுவது எங்கள் வேலை. கருப்பாத்தாள் பல்லடத்துக்காரர். தோட்டத்து ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியில் கைவிரித்ததும், நாற்பத்தெட்டு வயதில் மலையேறி வந்தார். வந்த அன்றே, “வேலை எத்தனை வேணும்னாலும் செய்யறனுங்க. கும்புடு மட்டும் போட மாட்டனுங்க” என்றார்.

முதல் ஆண்டே ஒரு தப்பு செய்தார். ஆடி மழையில் குரங்குகள் தின்று சிந்திய, வெடிப்பலா என்னும் காட்டு மரத்தின் கொட்டைகளை இரண்டு சாக்கு பொறுக்கி வந்தார். பல்லடத்தில் அவரைக்காய் விதையை எடுத்து வைக்கிற மாதிரியே, மழை விட்ட நாலு நாள் வெயிலில் காய வைத்து, சாம்பல் புரட்டி மூட்டை கட்டினார். ஒரு மாதம் கழித்து விதைத்ததில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

“வறுத்திருந்தா தின்னவாவது ஆயிருக்கும் அக்கா” என்று கிண்டல் செய்தேன். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “கொன்னது நானு. ஏன் செத்துச்சுன்னும் நானே பாத்துக்கறனுங்க சார்.”

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குள் போய்த் தாய்மரத்தடியில் குந்திக்கொண்டார். வருடம் முழுக்கப் போனார். ஒருநாள் என்னையும் இழுத்துப்போனார். மரத்தடி இருட்டில் ஒரு சாண் உயரத்தில் நூறு நூறாகக் கன்றுகள். ஒவ்வொன்றிலும் நாலைந்து இலை. இலை நுனி கூராக நீண்டிருந்ததால் மழைநீர் தங்காமல் வடிந்தது.

“போன வருசம் பாத்த அதே கன்னுங்க சார். ஒரு விரக்கடை ஏறுல. சாகவும் இல்ல. நம்மூர்ல மழைக்குப் பஞ்சம், அதனால விதை காத்திருக்குது. இங்க மழைக்கா பஞ்சம்? வெளிச்சத்துக்குத்தானுங்க பஞ்சம். கொட்டை காத்திருக்காது, உழுந்ததும் மொளச்சுப்போடும். காஞ்சா செத்துப்போடும். கன்னுதான் காத்திருக்கும். மேல ஒரு பெரிய மரம் சாயட்டும், அப்பறம் பாருங்க.”

மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்கியவனுக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த ஆடியில் பொறுக்கிய அன்றே விதைத்தார். இருநூறு கன்று வந்தது. நிழல்வலைக்குக் கீழே இரண்டு வருடம் பச்சையாக, ஒரு சாணாகவே நின்றன. அப்போதுதான் கோவை அலுவலகத்திலிருந்து யஷ்வந்த் வந்தார். என் அதிகாரி. என்னைவிட இளையவர்.

“ரெண்டு வருஷத்துல இவ்வளவுதானா? எல்லாத்தையும் குப்பைக் குழில கொட்டிட்டு, சீக்கிரமா வளர்ற சில்வர் ஓக் மரம் வைங்க. நன்கொடை குடுத்தவங்களுக்கு போட்டோ அனுப்பணும்.”

கருப்பாத்தாள் கன்றுகளுக்கு முன்னால் போய் நின்றார். “கொட்டறதுன்னா என்னையும் சேத்துக் கொட்டுங்க.”

“இவங்களுக்கு லெட்டர் குடுங்க. நாளைக்குள்ள இடம் காலியாகணும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு யஷ்வந்த் ஜீப்பில் ஏறினார்.

அந்தக் கன்றுகள் ஏன் வளரவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றிரவே கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். வேலை போய்விடுமே என்ற பயம், வேறென்ன? வெட்கக்கேடு.

மறுநாள் காலை கடிதத்தை நீட்டினேன். அவர் படித்தார். மடித்து என் சட்டைப் பையிலேயே செருகினார். “போன வாரக் காத்துல நம்ம காட்டுத் துண்டுல ஒரு பெரிய நாங்கு மரம் சாஞ்சிருச்சு. பாத்தீங்களா? கூரையைப் பிரிச்சுப்போட்ட மாதர வெளிச்சம் கொட்டுது. இதுங்க ரெண்டு வருசமா அதுக்குத்தான் நின்னுது. நீங்க என்ன எழுதினாலும் இன்னிக்கு நடாம நான் போகமாட்டனுங்க.”

கூடையில் இருபது கன்றை அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் ஒரு கூடையை எடுத்து இருபது கன்றை அடுக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

பொழுது சாய்வதற்குள் இருவருமாகப் பத்து நடை. கடைசிக் கன்றுக்குக் குழி தோண்டும்போது யஷ்வந்த் போனில் அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டேன்.

“கொட்டியாச்சா?”

“இல்லைங்க. நட்டுட்டோம்” என்றேன்.

“யாரைக் கேட்டு நட்டீங்க? எல்லாத்தையும் பிடுங்குங்க!”

சேற்றுக் கையோடு கருப்பாத்தாள் போனை வாங்கினார். “ஏனுங்க, புடுங்கறதுன்னா நீங்களே வந்து புடுங்குங்க. நாங்க இங்கதான் இருப்பம். அட்டை நெறைய கெடக்குது, காலைப் பாத்து வைங்க.”

யஷ்வந்த் வரவில்லை. வந்திருந்தாலும் பிடுங்க விட்டிருக்க மாட்டோம். இரண்டு வருடம் ஒரு சாணாக நின்ற கன்றுகள் அந்த ஒரு மழைக்காலத்திலேயே முழங்காலைத் தாண்டிவிட்டன. நான் அனுப்பிய படத்தையே யஷ்வந்த் நன்கொடையாளர்களுக்கு அனுப்பினார், கடிதப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. கருப்பாத்தாள் இன்னும் இங்கேதான் வேலை செய்கிறார், கும்பிடு போடாமல்தான்.