வீட்டில் இரண்டு ஆசிரியர், பயிற்சிக்கு ஒருவர்

1. இரண்டாம் அறை

ஊட்டியில் நடந்த மாவட்ட அளவிலான ஒருநாள் பயிற்சியில் என்னை இரண்டாம் அறையில் போட்டிருந்தார்கள். கதவில் ஒட்டியிருந்த தாளில் எங்கள் பெயர்களுக்கு மேலே கருத்தாளரின் பெயர் இருந்தது. முருகேசன், இடைநிலை ஆசிரியர். என் கணவர்.

கருத்தாளர் என்றால் பயிற்சி கொடுப்பவர். அவர் மைக் பிடிப்பார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்போம். அன்று காலை தேவாலாவிலிருந்து முதல் பஸ்ஸில் இருவரும் ஒன்றாகத்தான் வந்திருந்தோம். அவர் கருத்தாளராகப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். எந்த அறை என்பதுதான் தெரியாது.

பயிற்சிப் பொறுப்பாளரிடம் போய், "சார், என்னைய ஒண்ணாம் ரூமுக்கு மாத்திக் குடுங்க" என்றேன்.

"ஏன் டீச்சர்?"

"அந்தக் கருத்தாளர் எங்க ஊட்டுக்காரருங்க சார்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப நல்லதாப் போச்சு டீச்சர். டவுட் இருந்தா வீட்லயும் கேட்டுக்கலாம்."

நான் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். என் வயிற்றில் என்ன எரிந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2. பெயர் கேட்டார்கள்

நான் காரமடைக்காரி. அவர் சத்தியமங்கலம் பக்கம். இருவரும் ஒரே பட்டியலில் வேலைக்கு வந்தவர்கள். கலந்தாய்வில் கூடலூர் வட்டாரத்தை எடுத்தபோது, இரண்டு வருடத்தில் மாறுதல் வாங்கிக் கீழே இறங்கிவிடலாம் என்று நினைத்தோம். இறங்கவில்லை. எனக்குத் தேவாலாவுக்கு அருகில் எஸ்டேட் குழந்தைகள் படிக்கும் ஈராசிரியர் பள்ளி. இருக்கிற ஐந்து வகுப்புக்கும் நானும் தலைமை ஆசிரியையும் மட்டும்தான். அவருக்குக் கூடலூரில் நடுநிலைப் பள்ளி. மாடிக் கட்டடம், ஸ்மார்ட் கிளாஸ், ஆசிரியர்களுக்கென்று தனி அறை.

எங்கள் மகள் அபி மூன்றாம் வகுப்பு படித்தபோது தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"சுமதி, மாநிலப் பயிற்சிக்குப் பேர் கேக்கறாங்க. சென்னையில அஞ்சு நாள், தங்கிப் படிக்கோணும். உங்க பேரக் குடுக்கட்டுமா?"

"ஊட்ல கேட்டுச் சொல்றேனுங்க டீச்சர்."

வீட்டில் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. அவர் எதையும் மறுத்துப் பேச மாட்டார்.

"போறதுன்னா போ. ஆனா இந்த மழையில அபிக்கு வீசிங் வந்துச்சுன்னா நான் ஒத்த ஆளு என்ன பண்ணுவேன், சொல்லு?"

நான் போகவில்லை. அடுத்த வாரமே அவர் பள்ளியிலும் அதே பயிற்சிக்குப் பெயர் கேட்டிருக்கிறார்கள். அவர் அங்கேயே சரி என்று சொல்லிவிட்டு, மாலையில் வந்து எனக்குத் தகவல் சொன்னார். அபிக்கு வீசிங் வந்தால் நான் ஒற்றை ஆள் என்ன செய்வேன் என்ற கேள்வி அப்போது யாருக்கும் வரவில்லை. எனக்கே வரவில்லை. பெட்டியில் அவருடைய சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோதுதான் வந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு வரிசையாக அழைப்பு வந்தது. சென்னை, மதுரை, திருச்சி. திரும்பி வரும்போது புது ஃபைல், புதுப் பேனா, தோளில் மாட்டும் பை, பெயர் போட்ட சான்றிதழ். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் புதுச் சொற்கள். "பியர் லேர்னிங்", "ஸ்கேஃபோல்டிங்" என்று அவர் பேசும்போது நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பேன். பயிற்சி வாட்ஸ்அப் குரூப்பில் எவரோ எதையோ போட, போனைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பார். என்ன என்று கேட்டால், "அது உனக்குப் புரியாது, அங்க இருந்திருக்கோணும்" என்பார்.

ஒரு தடவை மதுரையில் கொசு பிடுங்கிவிட்டது என்று கையைக் காட்டினார். எனக்கு அந்தக் கொசுக்கடி மேலும் பொறாமையாக இருந்தது.

3. தகரக் கூரை

பயிற்சிக்குப் போகாமல் நான் கற்றுக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு.

தேவாலா மழையை அறியாதவர்களுக்கு அதைப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் பள்ளியின் கூரை தகரம். ஆனியில் பிடித்தால் ஆவணி வரை அதன் மேல் கொட்டிக்கொண்டே இருக்கும். என் குரல் எனக்கே கேட்காது. வருடா வருடம் கத்திக் கத்திப் பாடம் நடத்தி, ஒரு வருடம் குரல் முழுவதுமாகப் போய்விட்டது. கூடலூர் டாக்டர், "கொஞ்ச நாளைக்கு வாயே திறக்கக் கூடாது டீச்சர்" என்று சொல்லிவிட்டார். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் லீவு போட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில் விழும். அதனால் பேசாமலேயே பள்ளிக்குப் போனேன்.

உள்ளங்கையை விரித்தால் வாசிக்க வேண்டும். மடக்கினால் எழுத வேண்டும். கரும்பலகையைத் தட்டினால் யாராவது ஒருவர் எழுந்து வர வேண்டும். இரண்டு நாளில் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் மாதவி அதுவரை வகுப்பில் வாயைத் திறந்ததே இல்லை. அவள் வீட்டில் பேசும் மொழி வேறு. தமிழில் பேசினால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம். யாருமே பேசாத வகுப்பில் அவளுக்குப் பயம் விட்டுப்போனது. மூன்றாம் நாள் பலகையைத் தட்டியதும் முதலில் எழுந்து வந்தவள் அவள்தான்.

குரல் திரும்பிய பிறகும் மழை மாதங்களில் அந்த முறையை நான் விடவில்லை. ஒருநாள் தோசை ஊற்றியபடி அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

4. நீங்கள் சொல்லுங்கள் டீச்சர்

இரண்டாம் அறையில் அவர் நன்றாகத்தான் தொடங்கினார். அவருக்கு மேடைக் குரல் உண்டு. முதல் டீ முடிந்து பிஸ்கட் தட்டு சுற்றி வந்த பிறகு சொன்னார்:

"எங்க கூடலூர்ப் பக்கம் மழைன்னா சாதாரண மழை இல்லீங்க. தகரத்து மேல விழுகற சத்தத்துல நம்ம குரல் நமக்கே கேக்காது. அப்பத்தான் நான் ஒரு முறையக் கண்டுபிடிச்சேன். பேசாத வகுப்பு."

என் பேனா நின்றுவிட்டது. அவர் பள்ளிக்கு கான்கிரீட் தளம். அதற்கு மேல் இன்னொரு மாடி.

விரித்த கை, மடக்கிய கை என்று எல்லாவற்றையும் செய்து காட்டினார். பேசாத ஒரு சிறுமி எழுந்து வந்ததையும் சொன்னார். மாதவியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது. முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். ஒருவர் போனில் வீடியோ எடுத்தார்.

அப்போது நடு பெஞ்சிலிருந்து ஒரு இளம் ஆசிரியை எழுந்தாள். பேர் ஷீபா, மலையாளம் கலந்த பேச்சு. கூடலூருக்கு அந்தப் பக்கம் பள்ளி, வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை என்று காலை அறிமுகத்தில் சொல்லியிருந்தாள்.

"சாரே, ஒரு டவுட். குட்டிங்க தப்பா எழுதினா, பேசாம எப்படித் திருத்தறது? என் கிளாஸ்ல மூணு பாஷை. தப்புன்னு சொல்லிட்டா சில குட்டிங்க அப்புறம் போர்டு பக்கமே வராது. அதுதான் என் பிராப்ளமே."

"அது... குழந்தை தானாவே உணருமுங்க டீச்சர்."

"எப்படி சார் உணரும்?"

அவர் டஸ்டரை எடுத்தார். ஒன்றும் எழுதாத பலகையைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பதிலை நான் தோசைக் கல்லருகே சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அவர் நெற்றி வேர்ப்பதைப் பார்க்க எனக்கு இனிப்பாக இருந்தது. ஊட்டிக் குளிரில் வேர்த்தது.

"பரவால்ல சார்" என்று ஷீபா உட்கார்ந்தாள். எழுதிக்கொண்டிருந்த பக்கத்தைக் குறுக்கே அடித்தாள்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மேல் இரக்கப்பட்டு நான் எழுந்திருக்கவில்லை. அவள் அடித்தது என்னுடைய பாடம்.

"நான் சொல்லலாமுங்களா?"

"வாங்க டீச்சர்" என்றார் அவர். "நீங்க சொல்லுங்க."

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் என்னை 'நீங்க' என்றது அன்றைக்குத்தான்.

நான் முன்னால் போய் நின்றேன்; பேசவில்லை. பலகையைத் தட்டி ஷீபாவைப் பார்த்தேன். அவள் வந்தாள். மேலேயிருந்து விரல்களை இறக்கி மழை பெய்து காட்டி, கையை மடக்கினேன். கெட்டிக்காரி, வேண்டுமென்றே 'மளை' என்று எழுதினாள். நான் அதை அடிக்கவில்லை. தலையாட்டவும் இல்லை. 'ளை'க்குக் கீழே சாக்பீஸால் சிறு புள்ளி ஒன்று வைத்தேன். பலகையின் மூலையில் 'வாழை' என்று எழுதிவிட்டு ஒதுங்கி நின்றேன். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அழித்தாள். 'மழை' என்று எழுதினாள். பிறகு புள்ளியைக் காட்டி, அழியுங்கள் என்று சைகை செய்தேன். அவள் விரலால் துடைத்தாள்.

அதற்குப் பிறகுதான் வாய் திறந்தேன். "புள்ளி வெச்சா தப்புன்னு அர்த்தம் இல்லீங்க. இன்னொருக்கா பாருன்னு அர்த்தம். அத அழிக்கற வேலை எழுதுன குழந்தைக்குத்தான். நாம தொடக் கூடாது. அழிக்கறதுக்காகவே ஓடி வருவாங்க."

"இது உங்க மெத்தடா டீச்சர்?" என்று வீடியோ எடுத்தவர் கேட்டார்.

நான் கருத்தாளரைப் பார்த்தேன். அவர் டஸ்டரைக் கீழே வைத்தார்.

"டீச்சரோடதுதானுங்க. நான் கேட்டதத்தான் சொன்னேன்."

5. நடுவட்டம் வரை

திரும்பி வரும் பஸ்ஸில் நடுவட்டம் வரை பொறுத்துக்கொண்டேன். பிறகு நான்தான் கேட்டேன்.

"ஏனுங்க, உங்க ஸ்கூல்ல தகரம் எங்கீங்க இருக்குது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னார். "சென்னையில ஆளுக்கு ஒண்ணு சொல்லோணும்னாங்க. எங்கிட்ட ஒண்ணுமே இல்ல சுமதி. நீ சொன்னது ஞாபகத்துக்கு வந்துச்சு. மொதத் தடவ 'எம்பொண்டாட்டி கிளாஸ்ல'ன்னுதான் ஆரம்பிச்சேன். எல்லாருஞ் சிரிச்சாங்க. அடுத்த தடவ அத விட்டுட்டேன்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அதுக்காக என்னைய எறக்கி விட்டுட்டீங்களா?"

கூடலூர் இறங்கும் வளைவுகளில் எனக்கு ஒன்று தெளிவானது. இத்தனை நாளும் பை, சான்றிதழ், ஊர் ஊராகப் போவது என்று அவர் பெற்றவற்றைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன். என்னிடம் இருந்ததைப் பார்த்து அவரும் எரிந்திருக்கிறார். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் மைக்கைப் பிடிப்பது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று நான் யோசித்ததே இல்லை. அதற்காகக் கோபம் குறைந்துவிடவில்லை. இரண்டு நாள் அவருக்கு வெறும் ரசம்தான்.

6. சரிங்க சார்

அடுத்த மாதம் பொறுப்பாளரே போனில் கூப்பிட்டார். "டீச்சர், மாநிலக் கருத்தாளர் பயிற்சி. அஞ்சு நாள், திருச்சியில. இந்தத் தடவ நம்ம மாவட்டத்துக்கு ஒரே இடந்தான். உங்க ஹஸ்பெண்ட் பேர் இருக்கு. உங்க பேரும் இருக்கு. யாருன்னு நீங்களே..."

"என் பேரையே போட்டுக்கங்க சார்."

"வீட்ல கேக்க வேண்டாமா?"

"நான் ஊட்லருந்துதானுங்க சார் பேசறேன்."

என் கணவர் எதிரில்தான் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது. "அபி?" என்றார்.

"நீங்க இருக்கீங்களே."

திருச்சியில் எனக்கும் கொசு கடித்தது. மூன்றாம் நாள் கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு டீச்சர் பின்னங்களை மீன் கூறுகளாகப் பிரித்து நடத்திக் காட்டினார். அவ்வளவு எளிமை, அவ்வளவு அழகு. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை அந்த டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்து முழுதும் கேட்டு எழுதிக்கொண்டேன். கீழே அவர் பெயரையும் எழுதினேன். இன்றுவரை எங்கே அந்தப் பாடத்தைச் சொன்னாலும் முதலில் அவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

தினமும் மாலையில் வீட்டிலிருந்து போன் வரும். அபிக்கு ஒருநாள் வீசிங் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நெபுலைசர் வைத்து, இரவெல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். சொல்லும்போது பெருமையாகத்தான் சொன்னார். பிறகு கேட்டார்: "அங்க சாப்பாடெல்லாம் எப்படி? கிளாஸ் யாரு எடுக்கறாங்க? போன தடவ வந்தாரே, அந்த சார் வந்திருக்காரா? என்னையக் கேட்டாரா?"

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடம் என் தொண்டையில் இருந்த குரல் அது. "கேட்டாருங்க" என்றேன். உண்மையிலேயே கேட்டிருந்தார்.

இப்போது நான் தலைமை ஆசிரியை. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களிடம் நான் சொல்வது இதுதான். பயிற்சிக்குப் பெயர் கேட்டால் அங்கேயே சரி சொல்லிவிடுங்கள். வீட்டுக்குத் தகவலாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆண்கள் அப்படித்தான் செய்கிறார்கள். வீடு ஒன்றும் இடிந்துவிடவில்லை. இன்னொருவரைப் பார்த்து வயிறு எரிந்தால், எரிகிறது என்பதை உங்களிடமாவது ஒப்புக்கொள்ளுங்கள். நமக்கு என்ன வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல ஆளில்லை.

போன மாதம் ஷீபா கூப்பிட்டாள். வெளிமாநிலப் பள்ளிகளைப் பார்த்துவர ஆசிரியர் குழு ஒன்று போகிறதாம். "டீச்சரே, என் பேர் வந்திருக்கு. மோன் சின்னவன். வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டேன்" என்றாள். உடனே அவர்களைத் திருப்பிக் கூப்பிட்டுச் சரி சொல்லச் சொன்னேன். சொன்னாள். போனாள்.

அந்தக் குழுவுக்கு நானும் பெயர் கொடுத்திருந்தேன். வரவில்லை. ஏதோ ஒரு பெரிய பள்ளியின் நூலகத்தில் நின்று அவள் எடுத்த படம் ஸ்டேட்டஸில் இருந்தது. நான்கைந்து தடவை பார்த்தேன். நன்றாக எரிந்தது. அவள் ஊர் திரும்பிய மறுநாள் சனிக்கிழமை. அவள் பார்த்ததையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு கூடலூர் பஸ் ஏறினேன்.