மோட்டர் ஓடும்போது குளிர்ந்த முட்டைகள்

அண்ணையின் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு வெப்பக் கட்டுப்பாட்டை அமைத்துக் கொடுத்தவள் நான். முதல் தடவை வைத்த நாற்பது முட்டைகளில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. இரண்டாம் நாற்பதை வைத்து ஆறாம் நாள், பெட்டி இருந்த உடுவில் ஊர்த் தோட்டத்து மோட்டர் கொட்டிலுக்குள் நின்று அண்ணை சொன்னார்:

"பிள்ளை, இதுவும் கூழ்முட்டையாய்ப் போச்செண்டால் பெட்டியை அடுப்புக்குள்ளை வைப்பன். கோழிக்குப் படிப்பில்லை, அது ஒழுங்காப் பொரிக்குது."

நாளுக்கு மூன்று தடவை ஒவ்வொரு முட்டையையும் கையால் திருப்பி வைத்தவர் அவர். கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க மோட்டரைப் போட்டால் மின்னழுத்தம் விழும், பெட்டியைச் சூடாக்கும் பல்பு மங்கும், பெட்டி குளிரும். குற்றம் அதுதான் என்று முடிவு செய்து, சிறு வித்தியாசத்துக்கும் பலமாக எதிர்வினை செய்யும்படி கட்டுப்படுத்தியின் பெருக்கத்தைக் கூட்டியிருந்தேன். இப்போது மோட்டர் ஓடும்போதும் பெட்டியின் வெப்பநிலை காட்டும் திரை முப்பத்தேழரைப் பாகையை விட்டு அசையவில்லை. ஆனால், அண்ணை உள்ளே வைத்த கண்ணாடி வெப்பமானி முப்பத்தைந்தைக் காட்டியது.

"உன்ரை பெட்டி பொய் சொல்லுதோ, என்ரை கண்ணாடி பொய் சொல்லுதோ?"

"பொறுங்கோ அண்ணை. எழுதிப் பாக்கிறன்."

காட்போட் மட்டையொன்றில் கட்டுப்பாட்டுச் சுற்றை வரைந்தேன். மின்னழுத்தக் குழப்பத்தைப் பல்பின் பக்கம் சேர்த்தேன். அளவீட்டில் புகும் பிழையான இரைச்சலை, வெப்பத்தை அளக்கும் உணரியின் பக்கம் சேர்த்தேன். பிறகு வெப்பநிலைக்குச் சமன்பாட்டைத் தீர்த்தேன். குழப்பத்தின் விளைவு, சுற்றுப் பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டிய தொகையால் வகுபட்டது. பெருக்கம் கூடினால் அது தேயும். இரைச்சலின் கீழும் அதே தொகைதான் நின்றது. ஆனால் மேலேயும் சுற்றுப் பெருக்கம் இருந்தது. முன்னால் கழித்தல் குறி. பெருக்கம் கூடக்கூட அந்தப் பின்னம் ஒன்றை நெருங்கும். அதாவது, உணரி இரண்டரைப் பாகை கூட்டிச் சொன்னால் பெட்டி ஏறத்தாழ இரண்டரைப் பாகை குளிரும், திரையோ அசையாது.

உணரியின் வயரை மோட்டர் வயரோடு சேர்த்து அழகாகக் கட்டியவளும் நானே. மோட்டர் ஓடும்போதெல்லாம் அதன் மின்சாரம் பக்கத்து வயருக்குள் புகுந்து அளவைக் கூட்டிக் காட்டியிருக்கிறது.

"அண்ணை, கண்ணாடிதான் சரி. பிழை என்ரை."

"அப்ப கோழி வெண்டிட்டுது."

வயர்களின் கட்டை அறுத்துப் பிரித்தேன். இரைச்சல் புகாதபடி உலோக வலை போர்த்த வயரை மறுசுவர் வழியே இழுத்து, பெருக்கத்தையும் குறைத்தேன். மோட்டரைப் போடச் சொன்னேன். பல்பு மங்கியது. திரையும் கண்ணாடியும் சேர்ந்து சற்றே இறங்கின, சேர்ந்தே ஏறின.

ஆறு நாள் பட்ட குளிரை எந்தச் சமன்பாடும் மீட்காது. அண்ணை முட்டைகளை ஒவ்வொன்றாக ரோச் லைட் வெளிச்சத்தில் பிடித்தார். இருபத்தாறில், கரு உயிரோடிருப்பதற்கு அடையாளமாக, நரம்பு ஓடியிருந்தது. அவற்றை மட்டும் திரும்ப அடுக்கிக் கதவைச் சாத்தினார்.

"இனி இதிலை என்னைத் தவிர ஒருத்தரும் கை வைக்கக்கூடாது," என்றார். "நீயும்தான்."