சாயாமலே சாய்ந்த சுவர்

அந்த டைல்ஸ் மேஸ்திரிக்குப் பட்டப்பெயர் ‘ரசமட்டம்’. மட்டக் குழாய்க்குள் குமிழி நடுவில் வந்து நிற்பதற்குள் அவர் கண் தீர்ப்பு எழுதி முடித்திருக்கும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும், மாட்டியிருந்த படம் ஒரு நூல் இறங்கியிருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இருபது வருஷத்துப் பெயரை ஒரு பேக்கரிச் சுவர் காவு வாங்கப் பார்த்தது.

கருப்பும் வெள்ளையும் மாறி மாறி, வரிசைக்கு வரிசை அரை டைல் தள்ளி ஒட்டியிருந்தார். கூடவே வேலை செய்யும் மனைவி இடுக்குகளில் சாம்பல் நிறக் கலவையைப் பூசி முடித்தாள். மேஸ்திரி பின்னால் நகர்ந்து பார்த்தார். வரிசைகள் எல்லாம் ஒரு பக்கம் அகன்று, மறு பக்கம் ஆப்பு மாதிரிக் குறுகி நின்றன.

“என்ன மேஸ்திரி, குடிச்சிட்டு ஒட்டினீங்களா?” என்றாள் கடைக்கார அம்மா. “மூணு நாள்ல கடை திறக்கணும். இடிச்சுட்டு ஒழுங்கா ஒட்டுங்க.”

மட்டம் வைத்தார். குமிழி நடுவில். இரண்டு முனையிலும் அளந்தார். ஒரே அளவு.

“மட்டம் சரியாத்தான் இருக்கும்மா.”

“கேக் வாங்க வர்றவங்க மட்டத்தோடயா வருவாங்க? கண்ணாலதானே பார்ப்பாங்க!”

அவள் போனதும் மேஸ்திரி உளியை எடுத்தார். “அதைக் கீழ வைங்க,” என்றாள் மனைவி. “என்னை ஒல்லின்னு சொன்னப்பவே உங்க கண்ணு பொய் சொல்லும்னு எனக்குத் தெரியும்.”

ஒரு சாம்பல் கோட்டுக்கு மேலும் கீழும் செய்தித்தாளை வைத்து டைல்களை மறைத்தாள். கோடு நேரானது. எடுத்தாள், சாய்ந்தது. மறைத்தாள், நிமிர்ந்தது. மேஸ்திரி வாயைப் பிளந்தார். கண் கோட்டையா பார்க்கிறது? கருப்பு எங்கே முடிகிறது, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று ஓரம் ஓரமாக மோப்பம் பிடித்து, மூலைக்கு மூலை துளித் துளியாய்ச் சாய்வைச் சேர்த்து, முழுக் கோட்டையே சாய்த்துவிடுகிறதே! அதுவும் இமைக்கும் நேரத்தில், சொந்தக்காரனை ஒரு வார்த்தை கேட்காமல்.

“சாம்பல் பூசுற வரைக்கும் சரியாத்தானே இருந்துச்சு?” என்றாள் மனைவி.

ஓர் இடுக்கில் சாம்பலைச் சுரண்டிக் கருப்புக் கலவையை அடைத்தார்கள். அந்தக் கோடு மட்டும் நிமிர்ந்து நின்றது. இரண்டு நாளில் சுவர் முழுக்க இடுக்குகள் கருப்பாயின.

“இப்பதான் நேரா ஒட்டிருக்கீங்க,” என்றாள் கடைக்கார அம்மா. ஒரு டைல்கூட இடம் மாறவில்லை.

கதவைத் திறந்தால் மறைந்துபோகும் இடத்தில் மட்டும் இரண்டடிக்குச் சாம்பலை விட்டுவைத்திருந்தார் மேஸ்திரி. திறப்பு நாள் காலையில் கதவைச் சாத்திவிட்டு, அந்தச் சாம்பல் கோட்டின் மேல் மட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. கோடு கூசாமல் சாய்ந்தது.

“உனக்கும் சாயுதா?” என்றார் மனைவியிடம்.

“சாயுது. தெரிஞ்ச பிறகும் சாயுதுங்க.”

கடை திறக்கும் நேரம் வந்தும், இருவரும் கதவைத் திறக்க மறந்து நின்றார்கள்.