டாமிக்கு ஒரு ரம்புட்டான்

கரமனை ஆற்றங்கரைப் புறம்போக்கில் எங்கள் தெருச் சங்கத்துக்காரர்கள் இன்று பழத்தோட்டம் போட்டார்கள். ‘எல்லோருக்குமான தோட்டம்’ என்று வாசலில் பலகை. வீட்டுக்கு ஒரு கன்று, இறந்துபோன ஒருவர் பெயரில், பெயர்ப் பலகையோடு.

காலையிலிருந்து ஆற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்தது தெருமுனையில் துணி தேய்க்கும் செல்வி அக்கா. போன வருஷம் அவர் மகன் இதே ஆற்றில்தான் மூழ்கிப்போனான்.

கடைசியில் ஒரு குழி மிஞ்சியது. அக்கா செக்ரட்டரி மாமாவிடம் கேட்டார்: “சார், அதுல எம்புள்ள முத்து பேருல ஒரு கன்னு வச்சுக்கிடட்டா?”

“இது மெம்பர்ஸுக்கு மட்டுமாக்கும், செல்வி. உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பா.”

“பலகை வேண்டாம் சார். பேரை நான் மனசுல வச்சுக்கிடுதேன்.”

அதற்குள் மூன்றாம் வீட்டு மாமி ரம்புட்டான் கன்றோடு ஓடி வந்தார். “மாமா, எங்க டாமிக்கு ஒரு குழி வேணுமே!”

டாமி அவர்கள் வீட்டு நாய். போன மாதம் செத்துப்போனது.

“அதுக்கென்ன, நீங்க மெம்பராச்சே!”

“இன்னொரு குழி தோண்டலாமே, மாமா,” என்றேன் நான்.

“பிளான்ல இடமில்லை, மோளே.”

டாமியின் போட்டோவோடு பலகை நட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். மாமா திரும்பினார். “செல்வி, டாமிக்கு தினம் ரெண்டு குடம் ஊத்திடணும், கேட்டியா?”

அக்கா உடனே போய் ஊற்றினார்.

காய்த்தால் யார் வேண்டுமானாலும் பறிக்கலாமாம். முத்துவின் அம்மாவும் பறிக்கலாமா என்று கேட்க மறந்துவிட்டேன். இதைப் படிப்பவர்களில் மெம்பர் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.