படமில்லாத ஊரின் வழிகள்

மைசூருக்கு வந்து ஆறு வருஷமாகியும் எனக்குப் பழகாதது, கீழ்வீட்டு ஜன்னலில் கேட்கும் குரல். திரையில் வரும் எழுத்தையெல்லாம் கம்ப்யூட்டர் மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் படிக்கும். எனக்கு ஒரு சொல் பிடிபடாது. வீட்டுக்காரர் மகன் மஞ்சுநாத்துக்குப் பிடிபடும். பிறவியிலேயே பார்வையில்லாதவன், வெறும் எழுத்தாலான ஆன்லைன் விளையாட்டு ஒன்றைப் பன்னிரண்டு வருஷமாக ஆடுகிறான். 'பாலத்தில் நிற்கிறாய், கிழக்கே சந்தை' என்று வரி வரும். 'கிழக்கு' என்று அடித்தால் சந்தைக்குப் போய்விடலாம். எந்தெந்த நாட்டுக்காரர்களோ அங்கே நடமாடுகிறார்கள். தெருவில் பிறர் கைபிடித்து நடப்பவன், அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு வழி காட்டுகிறான். விளையாட்டோடு இணைக்கும் கிளையண்ட் மென்பொருள், அவன் நடந்த இடங்களையெல்லாம் மேப்பாகச் சேர்த்து வைத்திருந்தது. அதை அழித்தவள் நான்.

மைசூருக்கு வருமுன் என் ஊர் சத்தியமங்கலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். அங்கே வருகிறவர்களுக்கு ஒரே கவலை, கல்யாணப் போட்டோ போய்விடக் கூடாது. போட்டோக்களைக் காப்பி செய்துகொண்டு மற்றதைத் துடைத்துவிடுவோம். மஞ்சு தன் லேப்டாப் மெதுவாகிவிட்டதென்று கொடுத்தபோதும் என் கை அதையே செய்தது. பார்வையில்லாதவனின் போட்டோக்களை எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன்!

"எல்லாமே போயிடுச்சா அக்கா?" என்றான், எனக்கு முன்பு மாடியில் குடியிருந்தவர்களிடம் கற்ற தமிழில். பிறகு, "பரவாகில்லா. கிளையண்ட்ட மறுபடி போட்டுக் குடுங்க, நானே நடந்துக்கறேன்."

ஞாயிறு காலை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வடக்கு, வடக்கு, மேற்கு, படி ஏறு. அவன் விரல்கள் நிற்கவேயில்லை. திரையில் கட்டம் கட்டமாக மேப் முளைத்தது. குரல் ஒரு தெருவைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த தெருவில் இருந்தான். "இங்க கிணறு இருக்குது, பாத்து" என்று எனக்கு எச்சரிக்கை வேறு. மென்பொருளில் இருந்ததாக நான் நினைத்த ஊர் அத்தனையும் இவனுக்குள் இருந்திருக்கிறது. எனக்குப் புல்லரித்தது. வெட்கமாகவும் இருந்தது.

"உங்க ஊர்ல வீட்லேந்து கடைக்கு வழி சொல்லுங்க அக்கா, அதையும் தனியா ஒரு மேப் போட்டுடலாம்."

கண்ணை மூடிக்கொண்டேன். "வெளிய வந்து கிழக்கே. பிள்ளையார் கோயில். இடது பக்கம் திரும்புனா பூக்கார கங்கம்மா..."

"கங்கம்மா நம்ம தெரு முனைல அக்கா."

ஆமாம், அவள் மைசூர்க்காரி. கோயிலுக்கு அப்புறம் என் ஊரில் என்ன இருந்தது? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதுவரை போட்ட மேப்பை அழித்துவிடச் சொன்னேன்.

"ஒரு தடவ அழிச்சது போதும்" என்று சிரித்தான். சத்தியமங்கலத்துப் பிள்ளையார் கோயிலிலிருந்து மைசூர்த் தெரு முனைக்குத் திரையில் ஒரு கோடு விழுந்தது.